காற்றைக் குனிந்து வென்ற மேஜர் டெய்லர்

எதிர்காத்து பலமா அடிக்கும்போது சைக்கிள் ஓட்டுறவங்க எல்லாருமே ஒரே வேலையைத்தான் செய்வாங்க. தலையைக் கவிழ்த்து, முதுகை வளைச்சு, ஹேண்டில்பார் மேல படுத்துடுவாங்க. இதுக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்சிருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனா எவ்வளவு தூரம் குனியலாம், கை எங்க இருக்கணும், முழங்கால் முழங்கையில் இடிக்காம இருக்க ஹேண்டில்பார் எவ்வளவு முன்னாடி போகணும் என்றெல்லாம் கேட்க ஆரம்பிச்சா, அது டிசைன் கேள்வி ஆயிடும்.

நூறு வருஷத்துக்கும் மேல முன்னாடி, ஒரு சின்ன இரும்புக் கை மூலமா இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் மார்ஷல் வால்டர் டெய்லர். உலகம் அவரை மேஜர் டெய்லர் என்று கூப்பிட்டது. 1899-ல் உலக சாம்பியன் ஆன கறுப்பின அமெரிக்கர். பின்னாளில் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்பட்டு ஒரு கல்லூரியின் கதவைத் தட்டினார். அந்தக் கதவு திறக்கவில்லை. இன்ஜினியரிங் படிக்கிற நாம அவர் கதையைத் தெரிஞ்சுக்க இந்த ஒரு காரணமே போதும்.

பட்டாளத்துச் சட்டை போட்ட பையன்

1878 நவம்பர் 26-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் டெய்லர் பிறந்தார். அப்பா கில்பர்ட், உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர். பிறகு சௌதர்ட் என்ற வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்தில் குதிரை வண்டி ஓட்டினார். அந்த வீட்டுப் பையனுக்கு விளையாட்டுத் துணையாக டெய்லர் அங்கேயே வளர்ந்தார். அவனோடு சேர்ந்து பாடம் படித்தார். முதல் சைக்கிளும் அந்த வீட்டிலிருந்துதான் கிடைத்தது. சில வருஷத்தில் அந்தக் குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது, டெய்லர் பழைய ஏழ்மைக்கே திரும்பினார். கையில் மிஞ்சியது சைக்கிள் மட்டும்தான்.

அந்தச் சைக்கிளில் பேப்பர் போட்டார். நேரம் கிடைக்கும்போது வித்தை பழகினார். அதைப் பார்த்த 'ஹே அண்ட் வில்லிட்ஸ்' என்ற சைக்கிள் கடைக்காரர்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கடையைக் கூட்டணும், துடைக்கணும், அப்புறம் வாசலில் வித்தை காட்டிக் கூட்டம் சேர்க்கணும். வித்தை காட்டும்போது போட்டுக்கொள்ளப் பட்டாளத்து உடை கொடுத்தார்கள். அதைப் பார்த்து ஜனங்க வைத்த பெயர்தான் 'மேஜர்'. கடை விளம்பரத்துக்காக ஒரு 10 மைல் பந்தயத்தில் பையனை இறக்கிவிட, அவன் ஜெயிச்சுட்டு வந்து நின்னான்.

அடுத்து அவர் வாழ்க்கையில் வந்தவர் லூயி மங்கர். பெரிய சக்கர சைக்கிள் காலத்துப் பந்தய வீரர், பிறகு சைக்கிள் தயாரிப்பாளர். டெய்லரை வேலைக்குச் சேர்த்து, பயிற்சியும் கொடுத்தார். ஒரு சைக்கிள் தயாரிப்பாளரின் நிழலில் வளர்ந்ததால், சைக்கிள் எப்படி உருவாகிறது என்பதை டெய்லர் கிட்டவிருந்தே பார்த்தார். நம்ம பாஷையில் சொன்னா, அவருக்குக் கிடைத்த ஒரே ஒர்க்‌ஷாப் பிராக்டிஸ் அதுதான்.

ஆனா ஊர் விடவில்லை. இண்டியானாபொலிஸில் உடற்பயிற்சிக்கு ஒய்.எம்.சி.ஏ.வில் சேரப் போனால், நிறத்தைக் காரணம் காட்டி மறுத்தார்கள். 1894-ல் அமெரிக்க சைக்கிள் வீரர்களின் சங்கம், வெள்ளையர் மட்டுமே உறுப்பினர் ஆகலாம் என்று விதி போட்டது. 1895-ல் மங்கர் தன் தொழிலை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வுஸ்டர் நகருக்கு மாற்றியபோது டெய்லரையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒய்.எம்.சி.ஏ. கதவு திறந்தே இருந்தது. 1896-ல் சொந்த ஊருக்கு வந்து, அதிகாரபூர்வப் போட்டியாக இல்லாமல் தனியாக ஓட்டி, அங்கிருந்த டிராக்கின் சாதனையை முறியடித்தார். பரிசாகக் கிடைத்தது, இனி அந்த டிராக்கில் ஓட்டக் கூடாது என்ற தடை.

முன்னாடி போனால் காற்று, பின்னாடி நின்றால் பொறி

1896 டிசம்பரில், 18 வயதில், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தொழில்முறை வீரராக இறங்கினார். அரை மைல் பந்தயத்தில் பெரிய பெயர்களை முந்தினார். அதோடு நிற்காமல், ஆறு நாள் இரவு பகலாக ஓடும் பந்தயத்திலும் கலந்துகொண்டு 1,732 மைல் ஓட்டி எட்டாவதாக வந்தார். கிட்டத்தட்ட 2,787 கி.மீ. ஸ்பிரிண்ட் வீரருக்கு இது தேவையில்லாத கொடுமை. ஆனா அந்த வாரத்திலேயே பெயர் நாடு முழுக்கப் பரவிவிட்டது.

பெயர் பரவியதும் எதிர்ப்பும் சேர்ந்தே பரவியது. தென் மாநில டிராக்குகளில் அவரை ஓட்ட விடவில்லை. மற்ற இடங்களில் வெள்ளை வீரர்கள் கூட்டுச் சேர்ந்து அவரைச் சுற்றி வளைப்பார்கள். ஒருத்தர் முன்னால், ஒருத்தர் பக்கத்தில், ஒருத்தர் பின்னால். நடுவில் மாட்டிக்கொண்டால் கடைசிச் சுற்றில் வெளியே வரவே முடியாது. இதற்குப் பந்தய பாஷையில் 'பாக்கெட்' என்று பெயர். 1897-ல் டாண்டன் என்ற ஊரில் பந்தயம் முடிந்ததும், அவருக்குப் பின்னால் வந்த வீரர் அவரைக் கீழே தள்ளிக் கழுத்தை நெரித்தார். டெய்லர் மயங்கிவிட்டார். போலீஸ் வந்துதான் பிரித்தது. நெரித்தவருக்கு 50 டாலர் அபராதம். அத்தோடு முடிந்தது விஷயம்.

இங்கேதான் ஏரோடைனமிக்ஸ் உள்ளே வருது. சாதாரணமா ஸ்பிரிண்ட் பந்தயத்தில் புத்திசாலி வீரர் பின்னாடிதான் நிற்பார். முன்னால் போறவர் காற்றைக் கிழிப்பார், பின்னால் வர்றவர் அந்த நிழலில் சக்தியைச் சேமிச்சு, கடைசியில் பாய்வார். டெய்லருக்கு அந்த வசதி ஆபத்தில் முடியும். பின்னாடி நின்றால் பாக்கெட்டில் மாட்டிக்குவார். அதனால் பல நேரம் சீக்கிரமே முன்னால் வந்து, காற்றைத் தானே வாங்கிக்கொண்டு ஓட்ட வேண்டியிருந்தது. மத்தவங்களுக்கு மறைவு கொடுக்க ஆள் இருந்தது. இவருக்கு இவர் உடம்புதான் மறைவு.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். சமதளத்தில் பந்தய வேகத்தில் போகும்போது சைக்கிள் வீரர் எதிர்கொள்ளும் தடையில் பெரும்பகுதி காற்றால் வருவது. அந்தக் காற்றுத்தடையிலும் பெரும்பங்கு சைக்கிளால் இல்லை, மேலே உட்கார்ந்திருக்கிற ஆளால். தடை விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதை வெல்லத் தேவையான பவர் வேகத்தின் கனத்தோடு ஏறும். இழுவைக் குணகத்தையும் முன்புறப் பரப்பையும் பெருக்கினால் வரும் எண், நிமிர்ந்து உட்கார்ந்தவருக்குச் சுமார் 0.5 சதுர மீட்டர் என்றும், நல்லாக் குனிந்தவருக்குச் சுமார் 0.3 என்றும் வைத்துக்கொள்வோம். காற்றின் அடர்த்தி 1.2. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், காற்றுக்கு மட்டும் முதல் ஆள் ஏறத்தாழ 410 வாட் கொடுக்கணும், இரண்டாவது ஆள் 250 வாட் கொடுத்தால் போதும். கால் அதே கால், செயின் அதே செயின். மாறினது முதுகு மட்டும்தான்.

வெறுமனே குனிந்தால் போதாது

அப்போ ஹேண்டில்பாரை இறக்கிட்டா வேலை முடிஞ்சுதே என்று தோணலாம். 1890-களில் நிறைய பேர் அதைத்தான் செய்தார்கள். வளைந்த ஹேண்டில்பார் வாங்கி, கூன் போட்டுத் தெருவில் பறந்தார்கள். இப்படி ஓட்டினால் முதுகெலும்பே கோணிப்போகும் என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். அந்த பயம் மிகை. ஆனா ஒரு உண்மை இருந்தது. கைப்பிடி கீழே மட்டும் போனால், இடுப்புக்கும் கைக்கும் நடுவில் உடம்புக்கு நீள இடம் இல்லை. முதுகு வில் மாதிரி வளையும். நெஞ்சு ஒடுங்கி மூச்சு முட்டும். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் மேலே வந்து முழங்கையைத் தேடும்.

உடம்பைப் பெடல் அச்சை மையமாக வைத்து முன்னோக்கிச் சுழற்றுவதாக நினைச்சுப் பாருங்க. சீட்டில் கொஞ்சம் முன்னால் நகரணும், கை இன்னும் நல்லா முன்னால் நீளணும். அப்போ முதுகு வளையாமல் தட்டையாகப் படுக்கும். தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள கோணம் ரொம்பச் சுருங்காது, அதனால் மிதிக்கும் பலமும் குறையாது. அதாவது ஹேண்டில்பார் கீழே போவதோடு முன்னாலும் போகணும்.

டெய்லரின் பெயரால் அறியப்படும் ஸ்டெம் செய்தது இதைத்தான். ஃபோர்க்கின் தண்டிலிருந்து முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இரும்புக் கை. அதன் மேல் சறுக்கி நகரும் ஒரு பிடிப்பு. அந்தப் பிடிப்பில்தான் ஹேண்டில்பார் மாட்டியிருக்கும். போல்ட்டைத் தளர்த்தி முன்னும் பின்னும் நகர்த்தி, உங்க கை நீளத்துக்கும் முதுகு நீளத்துக்கும் பொருந்தற இடத்தில் முடுக்கிக்கலாம். சைக்கிளை மாற்ற வேண்டாம், ஃப்ரேமை வெட்டி ஒட்ட வேண்டாம். டிராக் பந்தயக்காரர்களிடம் இந்த ஸ்டெம் பரவியது. அவர் ஓய்வுபெற்ற பிறகும் 'மேஜர் டெய்லர் ஸ்டெம்' என்ற பெயரிலேயே புழங்கியது. பழைய டிராக் சைக்கிள் சேகரிக்கிறவங்க இன்னைக்கும் அந்தப் பெயரைத்தான் சொல்றாங்க.

இதற்கு ஒரு விலை உண்டு, மெக்கானிக்கல் மாணவர்களுக்கு உடனே தெரிஞ்சிருக்கும். இது ஒரு கேண்டிலீவர். கை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு வளைவுத் திருப்பம் கூடும். ஸ்பிரிண்டில் வீரர் ஹேண்டில்பாரை 300 நியூட்டன் விசையில் மேல்நோக்கி இழுக்கிறார், கை 10 செ.மீ. நீளம் என்றால், அடிப்பகுதி 30 நியூட்டன் மீட்டர் தாங்கணும். இடது வலது இரண்டு கையும் மாறி மாறி இழுப்பதால் முறுக்கமும் சேரும். அதனால் இந்தக் கை கனமான இரும்பாக இருந்தது. எடை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, முதுகு படுக்கணும் என்பதுதான் இந்த டிசைன் செய்த பேரம். சமதள டிராக்கில் எடை அவ்வளவு தொந்தரவு செய்யாது, காற்று செய்யும். சரியான பேரம்தான்.

உலகம் சுற்றிய வேகம்

1899 ஆகஸ்டில் கனடாவின் மாண்ட்ரியலில் நடந்த உலகப் போட்டியில் ஒரு மைல் ஸ்பிரிண்டை டெய்லர் ஜெயித்தார். குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் டிக்சனுக்குப் பிறகு உலக சாம்பியன் ஆன இரண்டாவது கறுப்பின வீரர் அவர்.

அதே வருஷம் நவம்பரில் சிகாகோவில், நீராவியில் ஓடும் வண்டி முன்னால் போக, அதன் காற்று மறைவில் ஒரு மைலை 1 நிமிடம் 19 வினாடியில் கடந்தார். மணிக்கு 73 கி.மீ. முன்னால் சொன்ன அதே கணக்கைப் போட்டுப் பாருங்க. மறைவு இல்லாமல் அந்த வேகத்தில் போக, நல்லாக் குனிந்த ஆளுக்கே 1,500 வாட் தேவைப்படும், அதுவும் 79 வினாடி தொடர்ந்து. மனுஷ உடம்பு தராது. காற்று எவ்வளவு பெரிய எதிரி என்பதை விண்ட் டனல் இல்லாமலேயே அந்தக் காலத்து டிராக் காட்டிக் கொடுத்தது.

1901-ல் ஐரோப்பா அழைத்தது. அதற்கு முன்பே பெரிய தொகை பேசி அழைத்திருந்தார்கள். ஆனா அங்கே முக்கியப் பந்தயங்கள் ஞாயிற்றுக்கிழமை. டெய்லர் பாப்டிஸ்ட் நம்பிக்கையில் ஊறியவர், ஞாயிறு ஓட்ட மாட்டேன் என்று மறுத்தார். கடைசியில் ஐரோப்பாக்காரர்கள்தான் இறங்கி வந்தார்கள். மே 16-ல் பாரிஸில் பிரெஞ்சு சாம்பியன் எட்மண்ட் ஜாக்லினோடு மோதித் தோற்றார். மே 27-ல் மறுபடி மோதி ஜெயித்தார். பாரிஸ் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. சொந்த நாட்டில் ஹோட்டல் அறை கிடைக்காமல் அலைந்த மனிதர் அவர்.

1902-ல் டெய்ஸி மோரிஸைத் திருமணம் செய்துகொண்டார். பிறகு ஆஸ்திரேலியப் பயணங்கள். 1904-ல் சிட்னியில் மகள் பிறந்தாள், அவள் பெயரிலேயே சிட்னியைச் சேர்த்தார்கள். 1910-ல், 32 வயது நெருங்கும்போது, பந்தயத்திலிருந்து விலகினார்.

திறக்காத கதவு

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்யலாம்? அவருக்குத் தெரிந்தது இயந்திரம். தான் வாழ்ந்த ஊரிலேயே இருந்த வுஸ்டர் பாலிடெக்னிக் இன்ஸ்டிட்யூட்டில் இன்ஜினியரிங் படிக்க விண்ணப்பித்தார். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இல்லை என்று மறுத்துவிட்டார்கள்.

விதிப்படி பார்த்தால் கல்லூரி சொன்னது சரிதான் என்று வாதாடலாம். அடிப்படைக் கணக்கு தெரியாதவர் வகுப்பில் தடுமாறுவார் என்றும் சொல்லலாம். ஆனா ஒரு நிமிஷம் யோசிங்க. பள்ளி முடிக்காததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, ஏழ்மை. நாம நாலு வருஷத்தில் லேபில் செய்யற வேலை என்ன? ஒரு மாறியை மாத்து, விளைவைப் பார், மறுபடி மாத்து. கையை முன்னால் நகர்த்தி, ஓட்டிப் பார்த்து, திரும்ப நகர்த்தி, அந்த வேலையைத் தன் உடம்பிலேயே பல வருஷம் செய்தவர் அவர். விண்ணப்பப் படிவத்தில் அதை எழுத ஒரு கட்டம் இல்லை. இன்னைக்கும் நம்ம ஊர் பட்டறைகளில் கட்டம் இல்லாத ஆளுங்க எத்தனை பேர் இருக்காங்க என்பது நமக்கே தெரியும்.

படிப்பு கிடைக்காவிட்டாலும் அவர் இயந்திரத்தை விடவில்லை. வாகனங்களுக்கான ஒரு உலோக டயர் திட்டத்தில் சம்பாதித்த பணத்தைப் போட்டார். அது ஓடவில்லை. மற்ற முதலீடுகளும் கரைந்தன, உடல்நலமும் கெட்டது. வீடு கைவிட்டுப் போனது. தன் வாழ்க்கையைத் தானே எழுதி, சொந்தச் செலவில் புத்தகமாக அச்சிட்டார். 1930 வாக்கில் குடும்பத்தைப் பிரிந்து சிகாகோ போய், ஒய்.எம்.சி.ஏ.வில் தங்கி, அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்து விற்றார். 1932 ஜூன் 21-ல், 53 வயதில், அங்கே ஒரு அரசு மருத்துவமனையின் இலவச வார்டில் இறந்தார். உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. ஏழைகளுக்கான பகுதியில் புதைத்தார்கள்.

1948-ல் பழைய பந்தய வீரர்கள் சேர்ந்து, சைக்கிள் தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஷ்வின் கொடுத்த பணத்தில், அவர் உடலை எடுத்து அதே கல்லறைத் தோட்டத்தின் நல்ல இடத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். 1982-ல் இண்டியானாபொலிஸில் அவர் பெயரில் ஒரு வெலோட்ரோம் திறந்தது. சாதனை முறியடித்ததற்காக டிராக்கை மூடிய அதே ஊர். 2008-ல் வுஸ்டரில் நினைவுச் சின்னம் எழுந்தது.

அதே கேள்வி, புது இரும்பு

1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள், 24.5 கி.மீ. தனிநபர் நேர ஓட்டம். 50 வினாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், முன்கைகளை நீட்டி ஊன்றிக்கொள்ளும் ஏரோபார் மாட்டி ஓட்டினார், கூர்மையான ஹெல்மெட்டும் போட்டிருந்தார். எதிராளி லோரான் ஃபின்யோன் பழைய பாணிக் கொம்பு ஹேண்டில்பாரில், வெறும் தலையோடு வந்தார். மூன்று வாரப் பந்தயத்தை லெமாண்ட் 8 வினாடியில் ஜெயித்தார். காலின் பலமும் அன்றைய உடல்நிலையும் இதில் சேரும், ஹேண்டில்பார் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனா அதற்குப் பிறகு நேர ஓட்டத்தில் ஏரோபார் பரவலாகிவிட்டது.

அந்த அலுமினியக் குழாய்களையும் டெய்லரின் இரும்புக் கையையும் பக்கத்தில் வைத்தால் உருவம் வேறு, யோசனை ஒன்றே. கையை முன்னால் கொண்டு போ, முதுகு தானாகப் படுக்கும். இன்னைக்கு விண்ட் டனலிலும் சி.எஃப்.டி. திரையிலும் மில்லிமீட்டர் கணக்கில் தேடுறது இதையேதான்.

அடுத்த தடவை சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும்போது, ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கிற அந்தச் சின்ன ஸ்டெம்மைக் குனிஞ்சு பாருங்க. எத்தனை செ.மீ. முன்னால் நீட்டியிருக்கு, ஏன் அவ்வளவு என்று கேளுங்க. அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு ஒரு காலத்தில் வகுப்பறை கிடைக்கலை. நமக்குக் கிடைச்சிருக்கு.